பச்சை நாய் ஏன் பச்சை? ஜோ சுன்யாவின் நாய் ஓவியங்கள் பற்றி ஒரு கேள்வி

வெள்ளைத்தாள்:

சீன ஓவியர் ஜோ சுன்யாவின் ‘பச்சை நாய்’ வரிசைப் படங்களை இணையத்தில் தேடித் தேடிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பார்க்காதவர்களுக்காக: பெரிய கேன்வாஸ், எண்ணெய் வண்ணம், பின்னணியில் பெரும்பாலும் ஒன்றுமே கிடையாது, வெறும் வெள்ளையோ மங்கிய சாம்பலோதான். நடுவில் ஒரு ஜெர்மன் ஷெப்பர்ட் நாய், காது நுனியிலிருந்து வால் நுனி வரை பச்சை. இலைப் பச்சை, பாசிப் பச்சை, கறுப்பில் போய் முடியும் பச்சை எல்லாம் ஒரே உடம்பில் கிடக்கின்றன. வாயைத் திறந்திருந்தால் நாக்கு மட்டும் ரோஸ் நிறம். சில படங்களில் நாய் பாயப் போகிறதா படுக்கப் போகிறதா என்றே தெரியவில்லை, ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை.

குழப்பம் என்னவென்றால், இவரைப் பற்றி எழுதுகிறவர்கள் இரண்டு கட்சியாக இருக்கிறார்கள். ஜெர்மனியில் படித்தவர், அதனால் இது ஜெர்மன் எக்ஸ்பிரஷனிசம் (உள்ளதை உள்ளபடி வரையாமல் உணர்வுக்காக நிறத்தையும் உருவத்தையும் முறுக்கும் பாணி) என்று ஒரு கட்சி. இல்லை, இது பழைய சீன மை ஓவியத்தின் தொடர்ச்சி என்று இன்னொரு கட்சி. இரண்டும் ஒரே நாய்க்கு எப்படிப் பொருந்தும்? அப்புறம் அடிப்படைக் கேள்வி, ஏன் பச்சை? ஏதாவது குறியீடா, அரசியலா, சும்மா கண்ணைப் பறிக்கவா? நான் வரைகிறவன் இல்லை, பார்ப்பதோடு சரி. கலைச்சொற்களாகப் போட்டுத் தாக்காமல் யாராவது விளக்கினால் நல்லது.

மைக்கூடு:

நல்ல கேள்வி. முதலில் அந்த நாயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கட்டுரை எழுதுகிறவர்கள் நேராகக் குறியீட்டுக்குத் தாவிவிடுகிறார்கள், நாய் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

அது கற்பனை நாய் இல்லை, உண்மையில் இருந்த நாய். பெயர் ஹெய் கென். 1994-ல் ஒரு நண்பர் கொடுத்த ஜெர்மன் ஷெப்பர்ட். சீனாவின் செங்து நகரில் ஜோ சுன்யாவோடு வளர்ந்தது, அவர் போகும் இடமெல்லாம் கூடவே போனது. ஆரம்பத்தில் அதை அதன் சொந்த நிறத்தில்தான் வரைந்தார். 1997 வாக்கில்தான் நாய் பச்சையானது. 1999-ல் ஹெய் கென் நோய்வாய்ப்பட்டு இறந்துபோனது. அதன்பிறகு கொஞ்ச காலம் அவர் நாயையே வரையவில்லை, பிறகு திரும்பி வந்து நிறைய வரைந்தார். ஆக, நாம் பார்க்கும் பச்சை நாய்களில் பெரும்பகுதி நினைவிலிருந்து வரையப்பட்டவை. உயிரோடு இருந்தபோது வரைந்ததையும் பின்னால் வரைந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முன்னதில் ஒரு குறிப்பிட்ட நாயின் எலும்பும் தோலும் கூர்ந்து கவனிக்கப்பட்டிருக்கும். பின்னதில் வீச்சு அதிகம், உடம்பு முறுக்கிக்கொள்ளும், சில இடத்தில் கால் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. எனக்கு முன்னதுதான் பிடிக்கும், அது என் ரசனை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதை யாரும் பேசுவதில்லை. சீன நகரங்களில் வீட்டில் நாய் வளர்ப்பதே 1990-களில் புதுசு. மாவோ காலத்தில் செல்லப்பிராணி என்றால் பூர்ஷ்வா (பணக்கார வர்க்கத்துப்) பழக்கம் என்ற பார்வை இருந்தது. அதற்குப் பிறகும் நகராட்சிகள் எளிதில் விட்டுவிடவில்லை. பெய்ஜிங்கில் 1995-ல் வந்த விதிப்படி ஒரு நாயைப் பதிவு செய்ய முதல் ஆண்டுக் கட்டணமே 5000 யுவான், பெரிய நாய்க்கு நகரின் மையப் பகுதிகளில் இடமே கிடையாது. ஜோ இருந்தது செங்துவில், அங்கே நிலைமை வேறாக இருந்திருக்கலாம், ஆனாலும் காலம் அதுதான். ஒரு பெரிய நாயோடு ஒரு மனிதன் தன் ஸ்டுடியோவில் சேர்ந்து வாழ்வது, அதை இரண்டு மீட்டர் கேன்வாஸில் ஒரு தலைவரின் படத்தைப் போல நிறுத்துவது, இதெல்லாம் அன்று சாதாரணச் செயல் கிடையாது. அரசியல் என்று நீங்கள் கேட்டதற்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். கோஷம் எதுவும் இல்லை. தனி வாழ்க்கை என்ற ஒன்று படத்துக்குள் வந்துவிட்டது, அது போதும்.

பச்சை பற்றி அப்புறம் வருகிறேன், எழுத நேரம் வேண்டும்.

நீலக்குதிரை:

ஜெர்மன் கட்சியிலிருந்து நான் பேசுகிறேன். என் பெயரைப் பார்த்தாலே தெரியும்.

ஜோ சுன்யா 1955-ல் சோங்சிங்கில் பிறந்தவர். பண்பாட்டுப் புரட்சி முடிந்து கல்லூரிகளில் மறுபடி தேர்வு வைத்து ஆள் எடுக்கத் தொடங்கியபோது சிச்சுவான் நுண்கலைக் கழகத்தில் சேர்ந்தார், 1982-ல் முடித்தார். அந்தக் கழகத்தில் அந்த ஆண்டுகளில் படித்தவர்களைப் பாருங்கள்: லுவோ சோங்லி, ஹெ துவோலிங், ஜாங் ஷியாவ்காங். லுவோ சோங்லி ஒரு கிழட்டு விவசாயியின் முகத்தை, அதுவரை மாவோவின் முகத்துக்கு மட்டுமே கொடுத்துவந்த அளவில், சுருக்கம் சுருக்கமாக 1980-ல் வரைந்து நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தார். எல்லோரும் நுணுக்கமான யதார்த்தத்தில் இறங்கிக்கொண்டிருந்த நேரம் அது. ஜோவோ திபெத்தியர்கள் வாழும் புல்வெளிப் பகுதிக்குப் போய், 1981-ல் ஆட்டு மயிர் கத்தரிக்கும் காட்சியைத் தடித்த கோடு, கெட்டியான வண்ணம் என்று வரைந்தார். கதை சொல்வதில் அவருக்கு அப்போதே ஆர்வம் இல்லை. வண்ணத்தைக் குழைத்துப் பூசும் சந்தோஷம்தான் அதில் தெரிகிறது. ஜெர்மனிக்குப் போகும் முன்பே இந்த ஆள் எந்தப் பக்கம் சாய்வார் என்று தெரிந்துவிட்டது.

1986-ல் காசெல் நகருக்குப் போய்ப் படித்தார், 1988-ல் முடித்தார். காசெல் என்றால் என்னவென்று தெரிய வேண்டும். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை டாக்குமென்டா என்ற மாபெரும் கலைக் கண்காட்சி நடக்கும் ஊர். எட்டாவது டாக்குமென்டா 1987-ல் நடந்தது, அதாவது இவர் அங்கே மாணவராக இருந்தபோது. ஜெர்மன் ஓவியத்தில் அப்போது கொடிகட்டிப் பறந்தவர்கள் பாசெலிட்ஸ், பெங்க், லூப்பெர்ட்ஸ், இம்மன்டார்ஃப், கீஃபர். பெரிய கேன்வாஸ், முரட்டுத் தூரிகை, அழகுபடுத்தக் கூடாது என்ற பிடிவாதம். பாசெலிட்ஸ் 1969-லிருந்தே படங்களைத் தலைகீழாக வரையத் தொடங்கிவிட்டார், ஒரு கழுகைத் தலைகீழாகக் கைவிரலால் வண்ணம் தேய்த்து வரைந்தார். பார்க்கிறவன் ‘ஓ கழுகு’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடாமல் வண்ணத்தைப் பார்க்கட்டும் என்பதுதான் உத்தி.

ஜோவின் பச்சை இதே வேலையைத்தான் செய்கிறது என்பது என் வாதம். நாயைக் கறுப்பும் பழுப்புமாக வரைந்தால் நீங்கள் ‘ஜெர்மன் ஷெப்பர்ட்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவீர்கள். பச்சை உங்களை நிறுத்துகிறது.

இன்னும் பின்னால் போனால் ஃபிரான்ஸ் மார்க். 1911-ல் நீலக் குதிரை வரைந்தவர். நீலம் ஆண்மை, மஞ்சள் பெண்மை, சிவப்பு பருப்பொருள் என்று நண்பர் மாக்கேவுக்கு 1910 டிசம்பரில் எழுதிய கடிதத்தில் ஒரு கணக்கே போட்டுக் கொடுத்தார். மிருகத்துக்கு அதன் சொந்த நிறத்தைக் கொடுக்க வேண்டியதில்லை, உணர்வுக்கு என்ன நிறமோ அதைக் கொடுக்கலாம் என்ற அனுமதி ஜெர்மனியில் அப்போதே கிடைத்துவிட்டது. மார்க் 1916-ல் வெர்டன் போரில் செத்துப்போனார், முப்பத்தாறு வயது. பாவம், அது வேறு கதை.

ஓரக்கண்:

எல்லாம் சரி, ஆனால் ஒன்றைச் சொல்லாமல் தவிர்க்கிறீர்கள். சந்தை.

2000-களின் நடுவில் சீன சமகால ஓவியத்துக்குப் பணம் எப்படிக் கொட்டியது என்று எல்லோருக்கும் தெரியும். 2006 மார்ச்சில் நியூயார்க் சாதபீஸ் ஏலத்தில் ஜாங் ஷியாவ்காங்கின் ஒரு முகம் கிட்டத்தட்ட 10 லட்சம் டாலருக்குப் போனது. அதன்பிறகு ஒவ்வொரு ஓவியருக்கும் ஒரு முத்திரை தேவைப்பட்டது, தூரத்திலிருந்து பார்த்தாலே வாங்குகிறவன் கண்டுபிடிக்க வேண்டும். ஜாங்குக்குப் பழைய ஸ்டுடியோ போட்டோ போன்ற குடும்ப முகங்கள். யுவே மின்ஜுனுக்குப் பல்லைக் காட்டிச் சிரிக்கும் முகம். ஃபாங் லிஜுனுக்கு மொட்டைத்தலை. செங் ஃபான்ஜிக்கு முகமூடி. ஜோ சுன்யாவுக்குப் பச்சை நாய். முதல் நாலைந்து நாய்கள் கலை, ஒத்துக்கொள்கிறேன். அதற்கப்புறம் வந்ததெல்லாம் லோகோ. சிலை வேறு செய்தார், பச்சை நாய்ச் சிலை, தூக்கிக்கொண்டு போய் எந்தக் கட்டட வாசலிலும் வைக்கலாம்.

இறந்த நாயின் நினைவு என்று மைக்கூடு உருக்கமாக எழுதியிருக்கிறார். நினைவு இத்தனை பிரதிகளா எடுக்கும்?

வெள்ளைத்தாள்:

இவ்வளவு பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை, நன்றி. ஓரக்கண் சொல்வது எனக்கும் உறுத்தியது, ஒரே மாதிரிப் படங்கள் நிறைய இருக்கின்றன, சிலது சோம்பலாகவும் இருக்கிறது. ஆனால் நீலக்குதிரை சொன்னதில் எனக்கு ஒரு சந்தேகம். ஜெர்மன் ஆட்கள் கேன்வாஸை மூலைவரை நிரப்புவார்கள் இல்லையா? ஃபிரான்ஸ் மார்க்கின் குதிரைக்குப் பின்னால் மலை, வானம் எல்லாம் வண்ணமாகக் கிடக்கிறது. இவர் நாயைச் சுற்றிக் காலியாக விட்டுவிடுகிறாரே, அது எங்கிருந்து வந்தது?

மைக்கூடு:

வெள்ளைத்தாள், நான் எழுத நினைத்ததை நீங்களே தொட்டுவிட்டீர்கள். ஜெர்மன் கதையில் விடை கிடைக்காத இடம் அந்தக் காலி வெளிதான்.

வெளிநாட்டுக்குப் போனவர் வெளிநாட்டுக்காரராகத் திரும்பினார் என்பது பாதிதான் உண்மை. ஜெர்மனியில் இருந்தபோதுதான் தன் ஊர் ஓவியத்தைப் பற்றி யோசிக்கத் தொடங்கினார். திரும்பி வந்து பழைய அறிஞர் மரபு ஓவியர்களை உட்கார்ந்து படித்தார்: யுவான் அரச வம்ச காலத்து மலை ஓவியர்கள், டோங் சிச்சாங், பாடா ஷான்ரென், நவீன காலத்துக்கு வந்தால் ஹுவாங் பின்ஹோங். அறிஞர் மரபு என்றால், தொழிலுக்கு வரையாமல், கவிதை எழுதும் அதே தூரிகையால் தனக்காக வரைந்தவர்கள். அவர்களுக்குப் பொருள் முக்கியமில்லை, கை எப்படிப் போகிறது என்பதுதான் முக்கியம். ஒரு கல்லை வரைந்தால் அந்தக் கல் எந்த மலையில் இருக்கிறது என்று யாரும் கேட்கமாட்டார்கள், அந்தக் கோடு எப்படி இழுக்கப்பட்டது என்றுதான் கேட்பார்கள்.

இங்கே ஒரு கண்ணியை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நாய்க்கு முன்னால் ஜோ கற்களை வரைந்தார். 1990-களின் தொடக்கத்தில் வந்த மலைக்கல் வரிசை. பழைய சீனத் தோட்டங்களில் வைப்பார்களே, ஓட்டையும் முண்டும் முடிச்சுமாக இருக்கும் பாறை, அதை எடுத்துக்கொண்டார். எண்ணெய் வண்ணத்தில் சிவப்பைக் காயம்போல அதன் மேல் ஏற்றினார். பின்னணி காலி. மரபில் கல் என்றால் ஒதுங்கி வாழும் அறிஞனின் குளிர்ந்த மனசு. இவர் அதற்குள் ரத்தத்தை ஓடவிட்டார். அப்படியே கல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நாயை வைத்துப் பாருங்கள். தனியாக நிற்கும் ஓர் உருவம், சுற்றிலும் ஒன்றுமில்லை, உருவத்தின் உள்ளே மட்டும் தூரிகை கொந்தளிக்கிறது. பச்சை நாயின் முதுகு எனக்கு எப்போதும் அந்தப் பாறையைத்தான் நினைவூட்டும்.

சரி, பச்சைக்கு வருகிறேன். பச்சை ஒரு குறியீடு என்று அவரே சொல்லியிருக்கிறார், அமைதி, கனிவு, வெடிப்பதற்கு முன் இருக்கும் நிசப்தம் என்கிற பொருளில். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் படத்தின் முன் நிற்கும்போது எனக்குத் தோன்றுவது வேறு. மை ஓவியத்தில் கறுப்பு ஒன்றுதான் உண்டு, ஆனால் மைக்குள் ஐந்து நிறம் இருக்கிறது என்பது பழைய சீன வழக்கு. தண்ணீர் கூட்டிக் குறைத்து, காய்ந்த தூரிகை ஈரத் தூரிகை என்று மாற்றி, அந்த ஒரே கறுப்பிலிருந்து மூடுபனியும் எடுப்பார்கள், பாறையும் எடுப்பார்கள். ஜோ பச்சையை மையாகப் பயன்படுத்துகிறார். நாயின் கழுத்தில் கெட்டிப் பச்சை, விலாவில் நீர்த்த பச்சை, தொடையில் கறுப்பில் முங்கிய பச்சை. ஒரு நிறம், பல அடர்த்தி. நாயை இயல்பான நிறத்தில் வரைந்திருந்தால் கறுப்பு எங்கே, பழுப்பு எங்கே என்று ரோமத்துக்குக் கட்டுப்பட்டிருப்பார். பச்சை ஆனதும் அந்தக் கட்டு அறுந்தது, கை அதன் போக்கில் போக முடிந்தது.

அப்படியானால் நேராகக் கறுப்பு மையிலேயே வரைந்திருக்கலாமே என்று கேட்கலாம். கறுப்பில் வரைந்தால் அது இன்னொரு மை ஓவியம், கறுப்பு நாய்க்குக் கறுப்பு என்று யதார்த்தமாகவும் ஆகிவிடும். பச்சைக்குள் இரண்டு மரபும் சண்டை போட்டுக்கொள்ள இடம் இருக்கிறது. அதனால் நீலக்குதிரை சொல்வதும் பொய்யில்லை. அளவும் முரட்டுத்தனமும் காசெலிலிருந்து வந்தவை. காலி வெளியும் கையும் சீன மரபிலிருந்து.

பாடா ஷான்ரென் பற்றி ஒரு வார்த்தை. மிங் அரச குடும்பத்து வாரிசு, பதினேழாம் நூற்றாண்டு. 1644-ல் மிங் ஆட்சி விழுந்ததும் துறவியானார். அவர் வரைந்த பறவைகளையும் மீன்களையும் தேடிப் பாருங்கள். வெற்றுத் தாளில் ஒற்றை மீன், தண்ணீர் வரையப்படவில்லை, ஆனால் நீந்துகிறது. கண்மணி மேலே ஒட்டிக்கொண்டு உலகத்தையே முறைக்கும். மிருகத்துக்கு மனுஷ மனநிலையைக் கொடுப்பதற்கு முகத்தை மனுஷ முகமாக ஆக்க வேண்டியதில்லை என்று அவர் காட்டிவிட்டார். பச்சை நாயும் அப்படித்தான், ஒரு படத்தில்கூட அது நம்மைப் பார்த்துச் சிரிக்காது.

நீலக்குதிரை:

மை வாதம் நன்றாக இருக்கிறது, எடுத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று. எண்ணெய் வண்ணம் மை மாதிரி நடந்துகொள்ளாது. மை தாளுக்குள் இறங்கிவிடும், திருத்த முடியாது. எண்ணெய் மேலேயே கிடக்கும், நாளைக்கு வந்து சுரண்டலாம், மேலே இன்னொன்று போடலாம். ஜோ வண்ணத்தை நீர்க்கச் செய்து வழியவிடுகிறார், சில படங்களில் வயிற்றுக்குக் கீழே சொட்டுச் சொட்டாக இறங்கியிருக்கும், அதனால் மை போலத் தோன்றுகிறது. தோன்றுவதும் அதுவாகவே இருப்பதும் வேறு. ரோஸ் நாக்கு எதற்கு என்றும் கேளுங்கள். பச்சைக்கு நேர் எதிர் நிறம் சிவப்பு, இரண்டையும் பக்கத்தில் வைத்தால் இரண்டும் கத்தும். இது மை ஓவியன் யோசிக்கும் விஷயமே இல்லை, சுத்தமான ஐரோப்பிய வண்ணக் கணக்கு.

மைக்கூடு:

நாக்கை உங்களுக்கே விட்டுக்கொடுத்துவிடுகிறேன்.

சுருள்பிரி:

இத்தனை நேரம் பேசியும் குதிரை ஓவியம், அரண்மனை ஓவியம் பக்கம் யாரும் போகவில்லையே. தனி மிருகத்தின் உருவப்படம், காலிப் பின்னணி, மிருகத்துக்குப் பெயர், இந்த மூன்றும் சேர்ந்த படம் சீனாவில் சுமார் 750-ம் ஆண்டிலேயே இருக்கிறது. ஹான் கான் வரைந்த ‘இரவில் ஒளிரும் வெள்ளை’. தாங் பேரரசர் சுவான்சோங்கின் பிரியமான குதிரை அது. இப்போது நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தாளில் மை. ஒரு கம்பத்தில் கட்டியிருக்கிறார்கள், குதிரை திமிறுகிறது, கண் பிதுங்குகிறது, மூக்கு விடைக்கிறது. சுற்றிலும் வேறொன்றும் வரையவில்லை. (பின்னால் வந்த உடைமையாளர்கள் அந்தக் காலியிடத்தில் முத்திரை குத்திக் குத்தி நிரப்பிவிட்டார்கள் என்பது வேறு விஷயம், காலியாக ஒன்றை விட்டால் மனுஷனுக்குக் கை சும்மா இருக்காது.) கட்டிவைத்த ஆற்றல், வெடிக்கும் முன் நிசப்தம் என்று பச்சை நாய்க்குச் சொல்வதை அப்படியே இந்தக் குதிரைக்கும் சொல்லலாம்.

நாய் வேண்டுமென்றால் அதுவும் இருக்கிறது. காஸ்டிலியோனே என்ற மிலான்காரர், ஏசு சபைத் துறவி, 1715-ல் சீனாவுக்கு வந்து பெய்ஜிங் அரண்மனையில் ஓவியராகி 1766-ல் அங்கேயே இறந்தார். லாங் ஷினிங் என்ற சீனப் பெயரில்தான் அங்கே அவரைத் தெரியும். சியென்லுங் பேரரசருடைய பத்து நாய்களைப் பத்துப் பெரிய பட்டுச் சுருள்களில் வரைந்தார், தைபே அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு நாயின் பெயரும் சீனம், மஞ்சு, மங்கோலியம் என்று மூன்று எழுத்தில் பொறித்திருக்கும். பெரும்பாலும் ஒல்லி வேட்டை நாய்கள், ஒன்று மட்டும் சடை அடர்ந்த திபெத்திய மாஸ்டிஃப். ஒளியும் நிழலும் இத்தாலியப் பாணி, சுற்றி இருக்கும் மரமும் பாறையும் சீனப் பாணி. ஐரோப்பியக் கையும் சீன மரபும் ஒரே நாய்ப் படத்தில் கலந்தது ஜோ சுன்யாவுக்கு இருநூறு ஆண்டுக்கு முன்பே நடந்துவிட்டது, திசைதான் நேர் எதிர். அங்கே ஐரோப்பியன் உள்ளே வந்தான். இங்கே சீனர் வெளியே போய்த் திரும்பினார்.

ஆனால் ஒரு வித்தியாசம் பெரிசு. காஸ்டிலியோனேவின் நாய்கள் பேரரசரின் சொத்து, அதிகாரிகளும் சிற்றரசர்களும் கொடுத்த காணிக்கை. அவற்றின் பளபளப்பில் உரிமையாளனின் பெருமை தெரியும். ஹெய் கென் யாருடைய பெருமைக்கும் நிற்கவில்லை.

ஓரக்கண் அவர்களுக்கு: ஒரே மிருகத்தைத் திரும்பத் திரும்ப வரைவதைக் குற்றமாகச் சொன்னால் சீன ஓவியத்தில் பாதிப்பேர் உள்ளே போக வேண்டும். சி பாய்ஷி இறால் வரைந்தார், தொண்ணூறு வயதைத் தாண்டியும் வரைந்தார். ஷூ பெய்ஹோங் குதிரை. லி கெரான் எருமை. ஹுவாங் சோவ் கழுதை. இவர்களுக்கெல்லாம் ஏல அழுத்தம் இருந்ததா? ஒரு மிருகத்தைக் கையில் பழக்கிக்கொண்டு அதன் வழியாகத் தூரிகையைத் தீட்டுவது அங்கே ஒரு முறை. பாடகர் ஒரே ராகத்தை ஆயுள் முழுக்கப் பாடுவதில்லையா?

ஓரக்கண்:

சி பாய்ஷியின் இறால் வருஷத்துக்கு வருஷம் மாறியது. தொடக்கத்தில் இருந்த கால்களைக் குறைத்தார், உடம்பைக் கண்ணாடியாக்கினார், கடைசிக் காலத்து இறாலைப் பார்த்தாலே தேதி சொல்லலாம். திரும்பச் செய்வது வேறு, திரும்பச் செய்து கூர்மையாக்குவது வேறு. பச்சை நாயில் 2000-க்குப் பிறகு எது கூர்மையானது என்று யாராவது சொல்லுங்கள், என் புகாரைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

மற்றபடி ஹான் கான் குதிரையைத் தேடிப் பார்த்தேன். அது வேறு லெவல்.

காதுமுயல்:

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். சமகாலச் சீன மிருக ஓவியம் என்றால் ஷாவ் ஃபானையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1964-ல் பெய்ஜிங்கில் பிறந்தவர். முயல் வரைகிறார். மனிதனை உட்காரவைத்து வரைவது போல முயலை நேர்முகமாக நிறுத்தி, மையில், ஒவ்வொரு ரோமமாக, மெல்லிய கோட்டின் மேல் கோடாக. நெருங்கிப் பார்த்தால் ரோமம் மட்டும்தான் தெரியும், தள்ளி நின்றால் ஒரு முன்னோர் உருவப்படம் போல உங்களையே பார்க்கும். பழைய மிங் நாற்காலிகளைப் பிரித்து நவீனத் துண்டுகளோடு சேர்த்துச் செய்தவரும் இவர்தான். ஜோ சுன்யாவின் நேர் எதிர்: அங்கே வேகம், இங்கே பொறுமை. ஆனால் இருவரிடமும் பின்னணி காலி, மிருகம் வேடிக்கைப் பொருளாக இல்லை.

அப்புறம் செங் ஃபான்ஜி 2012-ல் நான்கு மீட்டருக்கு நான்கு மீட்டரில் ஒரு முயலை வரைந்தார், 1502-ல் ஜெர்மன் ஓவியர் டியூரர் வரைந்த அதே குட்டி முயல்தான், ஆனால் மேலே முள் கிளைகளாகக் கோடு ஓடி மூடியிருக்கும். டியூரரின் முயல் உள்ளங்கை இரண்டைச் சேர்த்தால் அடங்கிவிடும் தாள். இதற்கு முன்னால் நின்றால் முயல்தான் பெரிது, நாம் சின்னது. இவரும் ஜெர்மன் எக்ஸ்பிரஷனிசத்தில் தோய்ந்து வந்தவர்தான். நீலக்குதிரை மகிழ்ச்சியடையலாம்.

நீலக்குதிரை:

மகிழ்ந்தேன்.

வெள்ளைத்தாள்:

நிறையக் கிடைத்தது, எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று மட்டும். ஜோ சுன்யாவை முறையாகப் பார்க்க வேண்டும் என்றால் எதிலிருந்து தொடங்கலாம்? நாயிலிருந்து தொடங்கியதால்தான் இவ்வளவு குழம்பினேனோ என்று தோன்றுகிறது.

மைக்கூடு:

1981 ஆட்டு மயிர் கத்தரிக்கும் படம், அதிலிருந்து தாவி 1990-களின் தொடக்கத்துச் சிவப்புப் பாறைகள், பிறகு 1997-ஐ ஒட்டிய நாய்கள், அதற்குப் பிறகுதான் பீச் மலர்கள். செங்துவை ஒட்டிய லோங்சுவான் பகுதி பீச் மலருக்குப் பெயர்போனது, பழைய கவிதையிலும் பீச் மலர் என்றால் காதலும் கனவு தேசமும்தான். அதை இவர் அடக்க ஒடுக்கமாக வரைவார் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். ரோஸ் நிறத்தை வாரி இறைத்திருப்பார், சில படங்களில் மரத்தடியில் சிவந்த மனித உடம்புகள் பின்னிக்கொண்டு கிடக்கும்.

ஓரக்கண் கேட்டதற்கும் இதில் ஒரு பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். 2000-க்குப் பிறகு நாய் கூர்மையாகவில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாயில் பழகிய கை மரத்துக்குப் போனது. பீச் மரத்தின் தண்டு முறுக்கிக்கொண்டு ஏறும் விதத்தைப் பாருங்கள், கறுப்பும் பச்சையுமாக, அது ஹெய் கென்னின் கழுத்தேதான். நாயின் வாயில் ஒரு துளி இருந்த ரோஸ் இங்கே படம் முழுக்கப் பரவிவிட்டது. மூன்று வரிசையையும் தனித்தனியாக வைத்து விற்கிறார்கள், அதனால் தனித்தனியாகத் தெரிகின்றன. கல், நாய், மரம் மூன்றையும் ஒரே திரையில் வைத்துப் பாருங்கள்.

ஓரக்கண்:

வைத்துப் பார்த்தேன். கழுத்து விஷயம் உண்மைதான். பீச் மரம் வரை வருகிறேன், நாய்ச் சிலைக்கு மட்டும் என்னைக் கூப்பிடாதீர்கள்.